மர ரம்பத்தில் இரும்பு

ஜூன் 4

டீச்சருக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நீயும் பதிலுக்குக் கேட்பாய், நான் பொய் சொல்ல வேண்டிவரும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடாதே.

போனில் பேசினால் என்ன என்று மூத்தவள் கேட்டாளாம். போனில் நீ என் பேச்சைக் கேட்பதில்லை, மூச்சைக் கேட்கிறாய். "என்னங்க அது விசில் மாதிரி சத்தம்?" என்று ஆரம்பித்தால் முடிவதற்குள் டாக்டர் சொன்னது முழுவதையும் ஒப்பித்துவிடுகிறாய். எனக்கும் அது மனப்பாடம்தான். மரத்தூள் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது, இனியும் மரம் அறுத்தால் ஆள் மிஞ்சமாட்டேன். காகிதத்தில் விசில் வராது. அதனால்தான் காகிதம்.

வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதி நாம். தூள் சமையல்கட்டு வரைக்கும் வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். "பட்டறைய மூடுங்க, அன்னைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாய். நான் மூடவில்லை. அறுக்கவும் இல்லை. உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து வாசல் வரை போகிறேன். திரும்பி வந்து மெஷினைத் தொட்டுப் பார்க்கிறேன். மறுபடி உட்கார்கிறேன். இப்படியே இருந்தால் மூச்சு நிற்பதற்கு முன்னால் மூளை நின்றுவிடும்.

பக்கத்துக் கொட்டகை வெல்டர் இருக்கிறானே, கருப்புக் கண்ணாடியை நெற்றியிலேயே மாட்டிக்கொண்டு சாப்பிடுகிறவன், அவன் ஒரு யோசனை சொன்னான். "அண்ணே, இப்ப எல்லாரும் மேல மரம், கீழ இரும்புக் கால்னுதான் மேஜை கேக்குறாங்க. குழாய் அறுக்கவே எனக்குப் பாதி நாள் போகுது. உங்க பேண்ட்சா ரம்பத்த இரும்புக்கு மாத்துங்க. அறுத்துக் குடுங்க, ஒட்டுறத நான் பாத்துக்கறேன்."

இரும்புத் துகள் கனமானது, கீழே விழும். மரத்தூள் மாதிரி காற்றில் மிதந்து மூக்கைத் தேடி வராது. யோசித்துப் பார்.

ஒரே ஒரு கணக்கு உதைக்கிறது. மரத்துக்கு ஓடும் வேகத்தில் இரும்பைக் கொடுத்தால் பிளேடின் பல் சிவந்து மழுங்கிவிடும். பதின்மூன்றில் ஒரு பங்காக வேகம் குறைய வேண்டுமாம். மெஷினுக்கு அடியில் அவ்வளவு பெரிய சக்கரம் மாட்ட இடமில்லை. நீ போட்டுத் தர வேண்டாம். உன் தோழிகளில் கணக்கு தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்.

இவன்,
உன் வீட்டைக் காவல் காப்பவன்


ஜூன் 9

என்னங்க,

பிழைகள் இருந்தன. சுழிக்கவில்லை.

நான் கேட்டது பட்டறையை மூடச் சொல்லி. நீங்கள் அதற்குப் பதிலாகக் கணக்கு அனுப்பியிருக்கிறீர்கள். விடுகதை போட்டு அழுகிற குழந்தையைத் திசைதிருப்புவது மாதிரி. நான் குழந்தை இல்லை என்று கடிதத்தை மடித்து பிரிட்ஜ் மேல் வைத்தேன்.

இங்கே பகலில் யாரும் இல்லை. மூத்தவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஜன்னல் பாதிதான் திறக்கும். கீழே பார்த்தால் கார்களின் கூரை மட்டும் தெரிகிறது. ஜன்னலிலிருந்து பிரிட்ஜுக்கும் பிரிட்ஜிலிருந்து ஜன்னலுக்கும் நடக்கிறேன். நடக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காகிதம் கண்ணில் படுகிறது. கடைசியில் எடுத்துப் போட்டுவிட்டேன். இதைத்தானே எதிர்பார்த்தீர்கள்?

ஒரு பரணிலிருந்து இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தாவாகத் தாவினால் கால் போய்விடும். நடுவில் ஒரு ஸ்டூல் போட்டால் இரண்டு எட்டில் இறங்கிவிடலாம். உங்கள் மெஷினுக்கும் ஒரு ஸ்டூல் வேண்டும். மோட்டாருக்கும் ரம்பத்துக்கும் நடுவில் ஒரு சுழல்தண்டு, அதாவது ஷாஃப்ட், வையுங்கள். மோட்டாரில் சின்னப் புல்லிச் சக்கரம், நடு ஷாஃப்டில் அதைப்போல் மூன்றரை மடங்கு பெரியது. அதே ஷாஃப்டின் மறுமுனையில் ஒரு சின்னது, அங்கிருந்து ரம்பத்துக்கு மறுபடியும் மூன்றரை மடங்கு. மூன்றரையை மூன்றரையால் பெருக்கினால் பன்னிரண்டே கால். நீங்கள் கேட்ட பதின்மூன்றுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இரண்டு சக்கரமும் அடியில் அடங்கும்.

செய்யுங்கள் என்று இதை எழுதவில்லை. செய்வதென்று முடிவு செய்துவிட்டவரைத் தடுக்க முடியாது, தப்பாகச் செய்யாமலாவது பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மெஷினின் வயிற்றுக்குள் எத்தனையோ வருஷத்து மரத்தூள் அடைந்து கிடக்கிறது. இரும்பு அறுத்தால் சூடு வரும். அந்தத் தூளை யார் எடுப்பது?

மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

மகள் வீட்டில் இருப்பவள்


ஜூன் 15

டீச்சருக்கு,

உன் ஸ்டூல் வேலை செய்கிறது! கடிதம் வந்த அன்றே பழைய இரும்புக் கடைக்குப் போனோம். போனது வெல்டரின் வண்டியில். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், நடக்கவில்லை. முகத்தைச் சுளிக்காதே.

முதல் படிக்குப் புல்லி கிடைத்தது. இரண்டாவது பெரிய புல்லிதான் மெஷினின் காலில் இடிக்கிறது. பெல்ட் போட வழியில்லை. அப்போது வெல்டர் உடைந்துபோன கான்கிரீட் கலவை மெஷின் ஒன்றிலிருந்து ஒரு ஜோடி கியர் எடுத்துவந்தான். ஒன்று சின்னது, ஒன்று பெரியது, ஒன்றின் பல் மற்றொன்றில் அழகாகக் கடிக்கிறது. பல்லை எண்ணிப் பார்த்தோம். அதே மூன்றரை. பெல்ட்டுக்குப் பதில் கியர் என்றால் உன் கணக்கு மாறுமா?

இரும்புக்கான பிளேடும் வாங்கியாயிற்று. மரம் அறுப்பதற்கு நாய்ப்பல் என்றால் இதற்கு எலிப்பல். விரலால் தடவினால் சொரசொரவென்றுதான் இருக்கிறது, இதுவா இரும்பைத் தின்னப் போகிறது என்று சந்தேகமாக இருக்கிறது.

நேற்று மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன். நீ போனபிறகு மறந்தது இதுதான் முதல் தடவை. மற்ற நாட்களில் சாப்பாட்டு நேரம் எப்போது வரும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு என்ன வேலை?

தூளைப் பற்றிக் கேட்டிருந்தாய். பார்த்துக்கொள்கிறோம்.

உன் மாணவன்


ஜூன் 20

என்னங்க,

கணக்கு மாறாது. பல்லை எண்ணி வகுத்தீர்களே, அது போதும். பெல்ட்டாக இருந்தாலும் கியராக இருந்தாலும் மூன்றரை மூன்றரைதான்.

நேற்று சமையலறையில் நின்றுகொண்டே ஷாஃப்ட்டின் படத்தை வரைந்துகொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மூத்தவள் வந்து எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, நீ அப்பாகிட்ட கோவிச்சுக்கிட்டு வந்தியா, இல்ல அவருக்கு டியூஷன் எடுக்க வந்தியா?" என்றாள். நான் அடுப்பைத் துடைத்தேன்.

கோபம் இருக்கிறது. அதை மறக்க வேண்டாம். நீங்கள் சாப்பிட மறந்ததைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதுகிறீர்கள். நீங்களா, வெல்டரா? எதைக் கொண்டு? வாயை எதைக் கட்டிக்கொண்டு? இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன். ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்விக்கு ஒருவர் பதில் எழுதாமல் தாளை மடித்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நிறைய விடைத்தாள் பார்த்திருக்கிறேன்.

இங்கிருந்து


ஜூன் 27

டீச்சருக்கு,

மெஷின் ஓடியது. மெதுவாக, கல்யாண ஊர்வலம் மாதிரி. பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த மெஷின் இவ்வளவு நிதானமாக ஓடி நான் பார்த்ததே இல்லை.

ஆனால் தலைகீழாக ஓடியது. பிளேடு மேலிருந்து கீழே இறங்க வேண்டும். இது கீழிருந்து மேலே ஏறுகிறது. பல்லெல்லாம் கீழ்நோக்கி இருப்பதால் இரும்பை அறுக்காமல் தடவிக்கொடுத்துவிட்டுப் போனது. வெல்டர் கியரைக் குற்றம் சொன்னான், நான் பெல்ட்டைக் குற்றம் சொன்னேன். அப்புறம் எனக்குத்தான் ஒரு வழி தோன்றியது. பிளேடு என்பது பட்டைதானே? கழற்றி, சட்டையை உள்வெளியாகத் திருப்புவது போலத் திருப்பி மாட்டினேன். பல் மேல்நோக்கி வந்துவிட்டது. மேலே ஓடுகிற பிளேடுக்கு மேலே பார்க்கிற பல். சரியாகத்தானே இருக்கிறது?

அறுத்தது. நிஜமாகவே அறுத்தது. ஒரு விரல்கடை அறுத்திருக்கும், குழாயைப் பிடித்து மேலே தூக்கிவிட்டது. குழாய் எகிறி டியூப்லைட்டை உடைத்து, வருகிற வழியில் என் கையில் லேசாக ஒரு முட்டு. பெரிதாக ஒன்றும் இல்லை. "அண்ணே, உங்க ரம்பம் இரும்ப அறுக்கலை, எடுத்துக் கையில குடுக்குது" என்று வெல்டர் சிரித்தான். பிறகு என் கையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

உன்னிடம் கேட்காமல் பிளேடைத் திருப்பியது ஏன் என்று கேட்பாய். கேட்டால் நிறுத்து என்பாய். அதனால்தான்.

என்ன செய்யலாம், சொல்.


ஜூலை 2

என்னங்க,

தப்பு என் பக்கமும் இருக்கிறது. நான் எத்தனை மடங்கு என்று மட்டும் பார்த்தேன், எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. கரும்புச் சாறு பிழிகிற உருளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று இப்படிச் சுற்றினால் ஒட்டியிருக்கிற மற்றொன்று அப்படிச் சுற்றும், அதனால்தான் கரும்பு நடுவே போகிறது. ஒன்றை ஒன்று கடிக்கிற கியரும் அப்படித்தான். பெல்ட் போட்டால் இரண்டும் ஒரே பக்கம் சுற்றும். நீங்கள் பெல்ட்டுக்குப் பதில் கியர் என்று எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "கணக்கு மாறாது" என்று பெருமையாக எழுதினேன்.

ஆனால் பிளேடைத் திருப்பி மாட்டுவதெல்லாம் உங்களுக்குத்தான் தோன்றும். மேஜைதான் குழாயைத் தாங்குகிறது. கீழ்நோக்கி அறுத்தால் குழாய் மேஜையில் அழுந்தி நிற்கும். மேல்நோக்கி அறுத்தால் அதைப் பிடித்து நிறுத்த உங்கள் கையைத் தவிர வேறு எது இருக்கிறது? உடனே பிளேடைப் பழையபடி மாட்டுங்கள். எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால்.

நடுவில் மூன்றாவதாக ஒரு கியர் வைத்தால் திசை மாறும் என்று ராத்திரி சாப்பாட்டின்போது படம் போட்டுக்காட்டினேன். மூத்தவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏம்மா, மோட்டாரையே திருப்பிச் சுத்தவிட்டா ஆகாதா?" என்றாள். ஆகும். ஒயர்மேனைக் கூப்பிட்டு மோட்டாரின் திசையை மாற்றச் சொல்லுங்கள். இவளை ஏன் கணக்கில் சேர்க்காமல் விட்டேன் என்று தெரியவில்லை.

கையால் குழாயைப் பிடிக்காதீர்கள். மேஜையில் இறுக்கிப் பிடிக்க ஒரு பிடி செய்து பொருத்துங்கள்.

முட்டு என்றால் எங்கே? மணிக்கட்டிலா, முழங்கையிலா? வீங்கியிருக்கிறதா?

மரத்தூளை யார் எடுத்தது? இது மூன்றாவது தடவை.


ஜூலை 12

என்னங்க,

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். படித்துவிட்டு அவருடைய காரில் ஏறுங்கள்.

உங்களிடமிருந்து பதில் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. மூத்தவள் வெல்டருக்கு அடித்தாள். அவர் முதலில் மழையைப் பற்றிப் பேசினார். அப்புறம், "தங்கச்சி, சொல்லக் கூடாதுன்னு அப்பா என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு" என்றார். அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

நான் எழுதியபடி பிடி செய்தீர்கள். அதை மெஷினின் உடம்போடு வைத்து வெல்டிங் அடித்தார் அவர். பொறி மெஷினின் வயிற்றுக்குள் விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. தூளுக்குள் கனன்றுகொண்டே கிடந்து, அவர் கடையைப் பூட்டிவிட்டுப் போனபிறகு புகையத் தொடங்கியது. ஓடிப்போய்த் தெருவில் நிற்காமல், மெஷினின் கீழ்க் கதவைத் திறந்து, மூக்கில் ஒரு துணிகூட இல்லாமல், புகைகிற தூளைக் கையால் அள்ளி வெளியே கொட்டியிருக்கிறீர்கள். மெஷினைக் காப்பாற்றிவிட்டீர்கள். உங்களை வெல்டர் மறுநாள் காலையில் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். ஆக்சிஜன் வைத்திருந்தார்களாம். வெல்டர் அழுதார் என்று மூத்தவள் சொன்னாள்.

என் கேள்விக்கு ஆக மொத்தம் இதுதான் பதில்.

நானே வந்திருப்பேன். வந்தால் வழி முழுக்கத் திட்டுவேன். திருப்பித் திட்ட உங்களுக்கு மூச்சில்லை. அது நியாயமான சண்டை இல்லை. இங்கே ஜன்னலோரம் கட்டில் போட்டுவைத்திருக்கிறேன். இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தாற்போல் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம், மூன்று வைத்திருக்கிறேன்.

மெஷினை இழுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.


ஜூலை 29

என்னங்க,

மூன்று நாளைக்கு முன்னால் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீங்கள் நிற்காமல் நடந்ததைப் பார்த்த பிறகுதான் கிளம்பினேன், அதனால் மனசு நிம்மதியாக இருக்கிறது. நீங்கள் அங்கே, நான் இங்கே. இடம் மாறிவிட்டோம். மாப்பிள்ளை சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

சும்மா பார்த்துவிட்டு வரப் போகிறேன் என்றுதான் சொன்னேன். அது பொய். இந்தக் கூரைக்குக் கீழே நீங்கள் மறுபடி வாழ முடியுமா என்று பார்க்க வந்தேன்.

முடியாது என்றுதான் முதலில் தோன்றியது. உத்தரத்தின் மேல் விரலை வைத்தால் தூளில் விரல் புதைகிறது. மெஷின் வயிற்றில் நீங்கள் அள்ளிப் போட்டது போக, மூலையெல்லாம் கருகிய தூள் கட்டிகட்டியாக ஒட்டியிருக்கிறது. துடைப்பத்தால் பெருக்கினால் மொத்தமும் எழுந்து பறக்கும். அதனால் வெல்டரும் அவர் மனைவியும் நானும் முகமூடி மாட்டிக்கொண்டு, நனைத்து நனைத்து வழிக்கிறோம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கச் சொல்வேனே, அதே உபாயம். வெல்டர் கண்ணாடியைக் கழற்றவே மாட்டேன் என்கிறார். "இல்லாட்டி எனக்கு கையும் ஓடாது அக்கா, காலும் ஓடாது" என்கிறார். கண்ணில் படுவதையெல்லாம் துடைக்காமல் தாண்டிப் போகிறார். பின்னாலேயே போய்த் துடைக்கிறேன்.

மோட்டாரை ஒயர்மேன் மாற்றிக் கொடுத்துவிட்டார். மெஷின் சுத்தமானதும், பிடியில் ஒரு குழாயை இறுக்கி, நானே சுவிட்சைப் போட்டேன். இதைச் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். பிளேடு கீழே இறங்கியது. அவசரமே இல்லை அதற்கு. துகள்கள் சுருள்சுருளாக மேஜையில் விழுந்தன, ஒன்றுகூடப் பறக்கவில்லை. துண்டு கழன்று விழுந்தபோது எடுத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. இன்னொன்று அறுத்தேன். அப்புறம் இன்னொன்று. வெல்டர், "அக்கா, இவ்வளவு குழாய்க்கு நமக்கு ஆர்டர் இல்லை" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

கடைசியாக ஒன்று. சுவரோரம் நீங்கள் அடுக்கி வைத்திருக்கும் பலகைகள். அது மொத்தமும் இங்கிருந்து போக வேண்டும். என்ன செய்யட்டும்?


ஆகஸ்ட் 3

டீச்சருக்கு,

பலகையைத் தொடாதே.

மெஷினை எடுத்துக்கொண்டாய், பட்டறையை எடுத்துக்கொண்டாய், முதல் குழாயையும் நீயே அறுத்துவிட்டாய். என்னை மூன்று தலையணையில் சாய்த்துவைத்துவிட்டுப் போய் அங்கே கொண்டாட்டமாக இருக்கிறாய். முதல் துண்டை நான் அறுத்திருக்க வேண்டாமா?

இங்கே எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அலமாரிக் கதவு ஒன்று தொங்கியது, சரி செய்தேன். பிறகு தொங்காத கதவுகளையும் சரி செய்தேன். மூத்தவள் ஸ்குரூ டிரைவரை ஒளித்து வைத்துவிட்டாள். "அப்பா, இனிமே நீங்க தொட்டா அந்தக் கதவு கழன்று வந்துடும்" என்கிறாள். கீழே கேட் வரை நடந்து போகிறேன். காவல்காரரோடு பேசுகிறேன். திரும்பி வருகிறேன். மறுபடி போகிறேன். "என்ன சார், எதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்கிறார். நீ எப்படித்தான் இந்த வீட்டில் இருந்தாயோ.

அந்த அடுக்கில் தேக்கு இருக்கிறது, நன்றாகக் காய்ந்து கல் மாதிரி ஆன தேக்கு. அப்படி ஒன்று இனி கிடைக்காது. பின்னறைக்கு மாற்று. மேலே தார்ப்பாய் போட்டு மூடு. மூடிய மரம் யாருடைய நுரையீரலுக்குள் போகப் போகிறது?

எதிர்த்தெரு தச்சன் வந்து கேட்பான். எல்லாவற்றுக்கும் ஆணி அடிக்கிறவன். நான் அவனுக்கு வைத்த பெயரும் அதுதான், ஆணி. பலகையோடு பலகையைக் கோர்த்து இணைப்புப் போடத் தெரியாது. வாசலில் அவன் தலை தெரிந்தால் கதவைச் சாத்து.


ஆகஸ்ட் 8

என்னங்க,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். பலகைகளைப் பின்னறைக்கு மாற்றினோம். தார்ப்பாய் போட்டு, நாலு பக்கமும் கல் வைத்தோம்.

பின்னறை எது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாம் படுக்கிற அறைக்கு அடுத்தது. நடுவில் கதவுகூடக் கிடையாது.

உங்களைத் திருத்த இதை எழுதவில்லை. ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு சாப்பிட மாட்டார். ஆனால் வருகிறவர்களுக்கு என்று ஒரு டப்பா நிறைய வாங்கி அலமாரியில் வைத்திருப்பார். பூட்டித்தான் வைப்பார். சாவி அவரிடமே இருக்கும். அவர் கெட்டவர் இல்லை, பலவீனமானவரும் இல்லை. ஆனால் நாள் முழுக்க அந்த டப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தார், பாடம் நடத்தும்போதும்.

நீங்கள் இந்த வீட்டில் மூச்சு விட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதோடு உட்கார்ந்து, எழுந்து, நடந்து, நிம்மதியாக இருக்க வேண்டும். தார்ப்பாய்க்கு அடியில் தேக்கு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதே கூரைக்குக் கீழே, அதை இழைக்காமல் உங்களால் இருக்க முடியுமா? முடியும் என்று எழுதினால் நம்புகிறேன். பலகை இருக்கட்டும். முடியாது என்றாலும் நம்புகிறேன்.

நாளைக்கே எழுத வேண்டாம். மெதுவாக யோசித்து எழுதுங்கள்.


ஆகஸ்ட் 17

டீச்சருக்கு,

முடியும் என்று எழுதினேன். கிழித்துவிட்டேன். மறுபடி எழுதினேன், அதையும் கிழித்தேன். காவல்காரர் இன்றைக்கு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நாற்காலியை மட்டும் நகர்த்திப் போட்டார்.

முடியாது.

நீ காய்கறி வாங்கப் போகிற நேரம் போதும் எனக்கு. தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்குவேன். ஒரு பலகையைச் சும்மா வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன். ரேகை எப்படி ஓடுகிறது என்று பார்க்கத்தானே என்பேன். ஒரு இழைப்பு இழைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்பேன். நீ பையோடு உள்ளே வரும்போது தரை முழுக்கச் சீவல் கிடக்கும்.

எல்லாவற்றையும் கொடுத்துவிடு. ஒரு சட்டம், ஒரு துண்டு, ஆப்பு செதுக்குகிற சில்லு எதுவும் இருக்கக் கூடாது. ஆணியிடம் கொடு. இந்தத் தெருவில் அவ்வளவையும் நனையாமல் வைக்க இடம் இருப்பது அவனிடம்தான். விலை பேசாதே, அதைப் பேசினால் நான் மனசு மாறிவிடுவேன். ஒன்று மட்டும் அவனிடம் சொல், தேக்கில் ஆணி அடிக்க வேண்டாம் என்று. அடிப்பான். இருந்தாலும் சொல்.

கொடுத்துவிட்டு எழுது. அதற்கு முன்னால் நான் அங்கே வரமாட்டேன். வந்தால் வண்டியை நடுத்தெருவில் மறித்துவிடுவேன்.


ஆகஸ்ட் 22

என்னங்க,

கொடுத்தாயிற்று.

எதிர்த்தெருக்காரர் தள்ளுவண்டியோடு வந்தார். நான் சொன்னதும் நம்பாமல், "அண்ணன் நல்லா இருக்காருல்ல? அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். நன்றாக இருப்பதற்காகத்தான் கொடுக்கிறார் என்றேன். ஒவ்வொரு பலகையாக ஏற்றினார். தேக்கு வந்ததும் அதை மட்டும் வண்டியில் போடாமல் தோளில் வைத்துக்கொண்டார். நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். பலகையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "ஆணி அடிக்காம எப்படின்னு அண்ணன் வந்து சொல்லுவாரா? வாசல்ல நின்னு சொன்னா போதும், உள்ள வர வேண்டாம்" என்றார். அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விஷயம். நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை.

பிறகு கடைசித் தடவையாகத் தரையைக் கழுவினோம். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்திருக்கிறேன். பேசினால் எதிரொலிக்கிறது. மெஷினின் பக்கத்தில் நீங்கள் அறுக்க வேண்டிய குழாய்கள் இருக்கின்றன, மேஜைக் கால்களுக்கு. வெல்டர் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டு வைத்திருக்கிறார். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

வியாழக்கிழமை வண்டியில் வாருங்கள். பெட்டியை நீங்கள் தூக்க வேண்டாம், வெல்டர் ஸ்டேஷனுக்கு வருகிறார்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வாசலில் நின்று திகைக்கக் கூடாது என்பதற்காக. உள்ளே கால் வைத்ததும் பழக்கத்தில் மூச்சை நன்றாக இழுப்பீர்கள். மர வாசனை வராது. நான் இரண்டு நாளாக இழுத்து இழுத்துப் பார்க்கிறேன், வரவில்லை. அப்படியே நில்லுங்கள், அவசரப்பட்டு வெளியே போய்விடாதீர்கள். இன்னொரு தடவை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நான் பக்கத்திலேயே நிற்பேன், ஆனால் காதை வைத்துக் கேட்கமாட்டேன்.